லாசிக் செய்து ஆறு வருடம், இப்போது மறுபடி மைனஸ் 1.25. திரும்ப லேசர் செய்யலாமா?

வெண்பூ27:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 26 வயது. ஏழாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன், வருடா வருடம் பவர் ஏறிக்கொண்டே வந்து கல்லூரி மூன்றாம் வருடத்தில் இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. அப்போதே வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடு என்று சொன்ன அத்தைதான் லாசிக் பற்றியும் சொன்னார். 20 வயதில் செய்துகொண்டேன். மறுநாள் காலையில் படுத்தபடியே மேலே பார்த்தால் மின்விசிறி இறக்கையின் ஓரத்தில் படிந்திருந்த தூசி தனித்தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அழுதேன். இதைப் படிக்கிற கண்ணாடிக்காரர்களுக்குப் புரியும்.

நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. போன வருடம்தான் கவனித்தேன், பேருந்தின் முன்பலகையில் ஊர்ப் பெயர் பக்கத்தில் வந்த பிறகுதான் படிக்க முடிகிறது. இரவில் ஸ்கூட்டி ஓட்டும்போது எதிர் விளக்குகள் பஞ்சு மாதிரி பரவுகின்றன. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு இரண்டு கண்ணும் மைனஸ் 1.25 என்றார்கள். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அறுவை செய்த இடத்துக்கு போன் செய்தால் டச் அப், அதாவது மேலோட்டமாக இன்னொரு தடவை லேசர், செய்துவிடலாம், வாருங்கள் என்கிறார்கள். ஏன் வந்தது என்று கேட்டால் சிலருக்கு வரும் என்பதோடு சரி.

இது ஏறிக்கொண்டே போகுமா? பழைய 5.5-க்கே போய் நிற்குமா? இரண்டாவது தடவை லேசர் செய்தால் ஆபத்தா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
முதலில் அந்தக் கம்ப்யூட்டர் சீட்டை அப்படியே நம்பாதீர்கள். எனக்கு 24 வயதில் லாசிக், 31-ல் இதே கதை. கடையில் மைனஸ் 1 என்றார்கள், கண்ணாடியும் வாங்கிவிட்டேன், போட்டால் தலை கனத்தது. அப்புறம் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் தளர்த்தி, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தால் மைனஸ் 0.25 மட்டும். மீதி எல்லாம் நாள் முழுக்க லேப்டாப்பையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து கண் தசை இறுகிப் போனதால் வந்த பொய்ப் பவர். அன்றைக்கு அந்த மைனஸ் 1-ஐ நம்பி டச் அப் செய்திருந்தால் இப்போது ப்ளஸ் பவரோடு அலைந்துகொண்டிருப்பேன்.

கிண்டிவாசி:
இதனால்தான் லேசரே வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கண்ணாடி போட்டால் என்ன குறைந்துவிடும்? என் நண்பனுக்கும் திரும்பி வந்துவிட்டது. பணமும் போய் கண்ணும் போய்.

ஆப்டோம்_மதுரை:
வெண்பூ, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், 14 வருடமாகத் தினமும் பவர் பார்க்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியதை இங்கே நான் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் டச் அப்புக்குத் தேதி வாங்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது, அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

"பவர் திரும்பிவிட்டது" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள் வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன, ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குக் கேடு.

கிட்டப்பார்வை ஏன் வருகிறது? பெரும்பாலோருக்குக் கண் உருண்டை பின்பக்கமாக நீண்டுவிடுகிறது. பெரியவர்களின் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கிட்டத்தட்ட இரண்டரை முதல் மூன்று பவர் மைனஸ். லாசிக் அந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. முன்னால் இருக்கும் கருவிழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே கொஞ்சம் செதுக்கி அதைத் தட்டையாக்குகிறது. நீண்ட கண்ணுக்கு ஏற்ற மாதிரி முன் லென்ஸை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண் அதற்குப் பிறகும் நீண்டால் நீண்ட அளவுக்குப் புது மைனஸ் வரும். அறுவை செய்தபோது உங்களுக்கு 20 வயது, அதுவரை வருடா வருடம் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. பொதுவாக, கடைசி ஒரு வருடத்தில் அரை பவருக்கு மேல் மாறியிருந்தால் பொறுக்கச் சொல்வார்கள். 18 வயது ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. உங்களிடம் பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கேட்டார்களா?

இது ஒரு வகை. இன்னொன்று, கருவிழி செதுக்கிய பள்ளத்தைத் தானே நிரப்பப் பார்ப்பது. மேல்தோல் கொஞ்சம் தடித்து, தட்டையான இடம் லேசாக மேடாகிவிடும். உண்மையில் ரிக்ரஷன் என்று சொல்ல வேண்டியது இதைத்தான். பெரிய பவர் எடுத்தவர்களுக்கும், சிறிய வட்டத்தில் செதுக்கியவர்களுக்கும், கண் வறட்சி உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தொடங்கும், நாலு வருடம் சும்மா இருந்துவிட்டு வருவது அதன் வழக்கம் இல்லை.

மூன்றாவதுதான் எங்களுக்குப் பயம் தருவது. மெலிந்த கருவிழி உள் அழுத்தம் தாங்காமல் முன்னால் புடைத்துக் கூம்பு மாதிரி ஆவது, எக்டேசியா. அபூர்வம்தான், ஆனால் இதுவும் மைனஸ் ஏறுவது மாதிரியே தொடங்கும், கூடவே சிலிண்டர் (கருவிழி ஒரு திசையில் மட்டும் அதிகம் வளைவதால் வரும் பவர்) ஏறும். இந்தக் கண்ணில் போய் மறுபடி செதுக்கினால் இன்னும் மெலிந்து இன்னும் புடைக்கும். அதனால்தான் காரணம் தெரியாமல் டச் அப் கூடாது என்கிறேன்.

கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். சொட்டு விட்டுப் பவர் பார்க்க வேண்டும் (மலைக்கோட்டை சொன்னது நூற்றுக்கு நூறு சரி). கருவிழி டாப்போகிராபி, அதாவது கருவிழியின் மேடுபள்ளத்தைக் காட்டும் வண்ணப் படம், எடுத்து, அறுவைக்குப் பின் எடுத்த பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இது இரண்டும் முக்கியம். கண் நீளமும் அளக்கச் சொல்லுங்கள், வலி கிடையாது, மெஷின் முன் தாடையை வைத்தால் முடிந்தது. அறுவை செய்த இடத்தில் உங்கள் முழு ஃபைலின் நகலைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வெண்பூ27:
அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். பழைய சீட்டு எதையும் அவர்கள் கேட்கவில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாயா என்று மட்டும் கேட்டார்கள். பீரோவில் தேடிப் பார்த்தேன், 18 வயதில் 4.5, 19-ல் 5, 20-ல் 5.5. அப்படியானால் இன்னும் ஒரு இரண்டு மூன்று வருடம் காத்திருந்திருக்க வேண்டும், இல்லையா?

ஆப்டோம்_மதுரை:
ஆமாம், வருடத்துக்கு அரை பவரைத் தாண்டவில்லை என்றாலும் நிற்காமல் ஏறியிருக்கிறது, அந்த மூன்று சீட்டையும் பார்த்திருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 20 வயதுப் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, கேட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

தாமிரபரணி:
அக்கா சொன்ன மூன்றாவது எனக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன். எனக்கு 33 வயது. லாசிக் செய்து மூன்று வருடத்தில் இடது கண்ணில் மட்டும் ட்யூப்லைட் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு தனி லைட் இல்லை, ஒரு லைட்டும் அதன் கீழே அதன் மங்கல் நிழலும். நிலாவுக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். கடைக்குக் கடை கண்ணாடி மாற்றினேன், ஒவ்வொருவரும் ஒவ்வொரு சிலிண்டர் எழுதினார்கள், எதைப் போட்டாலும் நிழல் போகவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே போய்விட்டது. கடைசியில் ஒரு டாக்டர் டாப்போகிராபி எடுத்தார், படத்தில் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தது, அங்கே புடைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கேட்ட முதல் கேள்வி, கண்ணைக் கசக்குவீர்களா என்று. எனக்குச் சின்ன வயதிலிருந்து அலர்ஜி, காலையில் எழுந்ததும் விரல் முட்டியால் தேய்த்துத் தேய்த்துக் கசக்குவேன். யாருமே அதுவரை இதைக் கேட்டதில்லை.

சி3ஆர் செய்தார்கள். வைட்டமின் பி2 சொட்டை விட்டுக்கொண்டே இருந்து, புற ஊதா ஒளியைக் காட்டிக் கருவிழியை இறுக்குவது. அது இருக்கிற நிலையில் நிறுத்தும், போனதைக் கொண்டுவராது. இப்போது ஸ்க்லீரல் லென்ஸ் போடுகிறேன், கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ். காலையில் குனிந்து தரையைப் பார்த்தபடி, லென்ஸ் கிண்ணத்தில் சலைன் நிரம்ப ஊற்றி, கண்ணைக் கீழே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு சின்னக் காற்றுக் குமிழி மாட்டினாலும் கழற்றி முதலிலிருந்து. ஆனால் அது உள்ளே உட்கார்ந்ததும் அந்த நிழல் மறையும் பாருங்கள், அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றலாம்.

வெண்பூ, உங்களுக்கு நிழல், இரட்டை தெரிகிறதா? ஒரு கண்ணை மூடி மூடிப் பாருங்கள்.

வெண்பூ27:
இல்லை அண்ணா, மங்கல் மட்டும்தான், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி. நீங்கள் எழுதியதும் உடனே பால்கனிக்குப் போய் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன்.

கீரைத்தோட்டம்:
பொன்னாங்கண்ணிக் கீரை வாரம் மூன்று நாள், கேரட் ஜூஸ், காலையில் வெறும் காலோடு புல்லில் நடை. என் பாட்டி 80 வயதில் ஊசியில் நூல் கோத்தார். கண் பயிற்சி செய்தால் பவர் இறங்கும், லேசர் எதற்கு?

ஆப்டோம்_மதுரை:
கீரை தாராளமாகச் சாப்பிடட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதற்குக் கீரையும் கேரட்டும் நிஜமாகவே உதவும். ஆனால் நீண்ட கண்ணைக் கீரையோ பயிற்சியோ சுருக்காது. பாட்டி 80 வயதில் ஊசி கோத்ததற்குக் கண்புரையால் வந்த மைனஸ் காரணமாக இருக்கலாம். கண் லென்ஸ் பழுக்கும்போது மைனஸ் வரும், சிலருக்குப் படிக்கிற கண்ணாடியே தேவைப்படாமல் போகும். இதை இரண்டாம் பார்வை என்பார்கள். அப்படி இருந்தால் அவருக்குப் புரை பரிசோதனை செய்ய வேண்டும்.

ஓய்வூதியர்58:
ஆப்டோம் அம்மா சொன்ன அந்தக் கண்புரை விஷயத்தில்தான் நான் மாட்டினேன். 2004-ல் 37 வயதில் லாசிக், அப்போது மைனஸ் 7. பத்துப் பன்னிரண்டு வருடம் அருமையாக இருந்தது. 55-ல் வலது கண்ணில் திடீரென்று மைனஸ் 2.5. நானும் லேசர் வேலை தீர்ந்துவிட்டது, திரும்பச் செய்துகொள்ளலாம் என்றுதான் போனேன். புரை என்றார்கள். அறுவை செய்து லென்ஸ் வைக்க வேண்டும், ஆனால் எந்தப் பவர் லென்ஸ் என்று கணக்குப் போடக் கருவிழியின் வளைவு வேண்டும். லாசிக் செய்த கண்ணில் வழக்கமான கணக்கு தப்பிவிடுமாம், அப்படியே போட்டால் ப்ளஸ் பவர் மிச்சமாகும். லாசிக்குக்கு முந்தைய அளவுகளைக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். 2004-ல் செய்த இடத்தில் போய் நின்றால், சார், அவ்வளவு பழைய ஃபைல் எல்லாம் அழித்துவிட்டோம். இப்போது பழைய அளவு இல்லாமலே கணிக்கும் புதிய சூத்திரங்கள் இருக்கின்றன, அதை வைத்து நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று வாரம் அந்த ஃபைலுக்காக அலைந்தது மறக்காது. இளையவர்கள் தயவுசெய்து ஒரு நகலை வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

இன்னொன்று. லாசிக் செய்தவர்களுக்குக் கண் அழுத்தம் பார்த்தால் மெஷின் குறைவாகவே காட்டும், கருவிழி மெலிந்திருப்பதால். எனக்கு நார்மல் நார்மல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் இருந்தது என்று நானாகச் சொன்ன பிறகுதான் நரம்பை ஸ்கேன் செய்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக லாசிக் செய்திருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது.

கிண்டிவாசி:
பாருங்கள், இத்தனை சிக்கல். நான் சொன்னது சரிதானே?

ஓய்வூதியர்58:
தம்பி, நான் அப்படிச் சொல்லவில்லை. மைனஸ் 7 கண்ணாடியோடு மழையில் பஸ்ஸுக்கு ஓடியவன் நான். அந்தப் பதினெட்டு வருடத்தைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன். செய்வதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. அப்புறம், இந்த லேசரால் உடல் திசுவைச் சூடுபடாமல் துல்லியமாகச் செதுக்கலாம் என்று கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981-ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், பண்டிகைக்குச் சமைத்து மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து அதில்தான் முதலில் வெட்டிப் பார்த்தார். 2013-ல் ஒபாமா கையால் பதக்கம் வாங்கினார். நம் ஊர் ஆள் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையும் உண்டு.

இருமகள்களின்_தாய்:
நடுவில் ஒரு கேள்வி. பெரியவளுக்கு 15 வயது, மைனஸ் 4. 18 முடிந்ததும் லாசிக் செய்துவிடலாம் என்று நானும் அவள் அப்பாவும் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். இந்த இழையைப் படித்ததும் பயமாக இருக்கிறது. சின்னவளுக்கு 9 வயது, மைனஸ் 1 ஆரம்பித்திருக்கிறது.

ஆப்டோம்_மதுரை:
பணம் அப்படியே இருக்கட்டும். பெரியவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் பார்த்து எல்லாச் சீட்டையும் தேதியோடு ஒரு கவரில் போடுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே பவர் நின்ற பிறகு பேசலாம், அது 21-லும் இருக்கலாம், 24-லும் இருக்கலாம். கருவிழி மெலிதாக இருந்தால் லாசிக்கே வேண்டாம் என்பார்கள், உள்ளே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் என்று வேறு வழி இருக்கிறது. சின்னவளுக்குத்தான் இப்போது உடனே செய்ய வேண்டியது. பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு இருக்கிறது, அதற்கென்றே வந்த கண்ணாடிகளும் இருக்கின்றன, குழந்தைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் வெயில் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள், ட்யூஷனைக் குறைத்தாவது.

வெண்பூ27:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேறு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஃபைல் நகல் வாங்க இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது, எழுதிக் கொடுத்த பிறகுதான் தந்தார்கள்.

சொட்டு விட்டுப் பார்த்ததில் இரண்டு கண்ணும் மைனஸ் 1.25, ஆக நிஜப் பவர்தான். டாப்போகிராபியில் புடைப்பு இல்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒரே திரையில் வைத்துக் காட்டினார். அறுவை முடிந்து ஒரு மாதத்தில் கருவிழி வளைவு 39.6, இப்போது 39.5. அதாவது லேசர் செதுக்கியது அப்படியே நிற்கிறது. கண் நீளம் 26.2 மில்லிமீட்டர். உங்கள் கண் வளர்ந்திருக்கிறது, லேசர் தோற்கவில்லை, நேரம்தான் தப்பு என்றார். அக்கா முதல் நாளே சொன்னது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. கண்ணை விரிக்கிற மருந்து விட்டு விழித்திரையின் ஓரத்தைப் பார்த்தார், நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், காதுப் பக்கம் பார் என்று. ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்றார். வலது கண்ணில் ஓரத்தில் லாட்டிஸ் என்று ஒரு மெலிந்த பட்டை, அதில் ஒரு சின்ன ஓட்டை. கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் உள்ளே இருப்பது அதே மைனஸ் 5.5 கண்தான், சொல்லப்போனால் இப்போது அதைவிட நீளமான கண், விழித்திரை கிழியும் ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை என்றார். ஆறு வருடமாக நான் எந்தக் கண் டாக்டரிடமும் போகவில்லை. கண் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஓட்டையைச் சுற்றி லேசர் வைத்தார்கள்.

தாமிரபரணி:
வலித்ததா? எனக்கும் விழித்திரை பார்த்துப் பல வருடம் ஆகிறது.

வெண்பூ27:
மரத்துப்போக சொட்டு விட்டார்கள் அண்ணா. பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று வரும், நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் பின்மண்டை வரை சுருக்கென்றது. பத்து நிமிடம்கூட இல்லை. நீங்கள் போய்ப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று நிறைய மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்குவது மாதிரி இருந்தாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார், காத்திருக்கக் கூடாதாம்.

மலைக்கோட்டை:
டச் அப் என்ன ஆயிற்று?

வெண்பூ27:
இப்போது வேண்டாம் என்றுவிட்டார். ஒரு வருடம் பவர் நிற்கிறதா பார்க்கலாம், நின்றால் அப்போது யோசிக்கலாம், கருவிழி தடிமன் போதுமான அளவு மிச்சம் இருக்கிறது, ஆனால் பழைய மடலைத் தூக்குவதைவிட மேற்பரப்பில் செய்வதுதான் நல்லது என்றார். ஆறு வருடம் கழித்து மடலைத் தூக்கினால் மேல்தோல் செல்கள் அடியில் நுழைந்து வளருமாம்.

ஆப்டோம்_மதுரை:
நல்ல டாக்டர். இடது கண்ணின் ஓரமும் பார்த்தாரா?

வெண்பூ27:
பார்த்தார் அக்கா, அதில் ஓட்டை இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். கண்ணாடி நேற்றுதான் வந்தது, வண்டி ஓட்ட மட்டும். அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவு மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், எனக்கு எது வரை தெரிகிறது என்று கண்ணாடியோடும் இல்லாமலும் சொல்லிக் காட்டினேன். அப்புறம் அவரே துடைக்கிற துணியைத் துவைத்து என் ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தார். ஃபைல் நகலையும் எல்லாச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து எனக்கே மெயில் அனுப்பிவிட்டேன், அசலை ஐயா சொன்ன மாதிரி வீட்டுப் பத்திரத்தோடு வைத்தாயிற்று.